ஒரே நாளில் ஒன்பது கோயில். காத்திருந்ததுக்குத் தனி பில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிராவல்ஸ் பெயரைப் போடப்போவதில்லை. குறை இரண்டு மூன்று இருக்கிறது. பெயரைப் போட்டால் அது ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விடியாது, வண்டி ஓட்டிய அண்ணன் தலையில்தான் விடியும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காரைக்குடியில் ‘நகரக் கோயில் ஒன்பதும் ஒரே நாளில்’ (நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது கோயில்கள்) என்று போர்டு வைத்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் விசாரித்தவரை திட்டமும் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் யாரிடம் பதிவு செய்யப்போகிறீர்களோ, அவர்களுக்கே எழுதியது மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

போனது மூன்று பேர். நான், என் ஆத்தா, ஆத்தாவைப் பெற்ற ஆயா. ஆயாவுக்கு 83 வயது. ஒரு முழங்கால் ஆபரேஷன் ஆனது, இன்னொன்று ஆகவேண்டியது. நான் கோயம்புத்தூரில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். பில்லைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது, அது தொழில் வியாதி.

கட்டணம் 3,800 ரூபாய். ஏசி வண்டி, காலை 6 முதல் இரவு 8 வரை 14 மணி நேரம், 160 கிலோமீட்டர், மத்தியானம் இரண்டு மணி நேரம் லாட்ஜ் அறை. சாப்பாடு நம் செலவு. முதல் நாள் ராத்திரியே வாட்ஸாப்பில் அட்டவணை வந்துவிட்டது. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாற்றங்குடி, நேமம் இந்த ஐந்தும் காலையில். நடை சாத்தித் திறக்கும்வரை சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்கு மேல் சூரக்குடி, இலுப்பைக்குடி, மாத்தூர், வேலங்குடி. ஒவ்வொன்றுக்கும் நேரே ‘தரிசனம் 20 நிமிடம்’. பிள்ளையார்பட்டிக்கு மட்டும் கூட்டத்தை உத்தேசித்து 30. உள்ளதைச் சொன்னால், பார்த்ததும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இப்படி ஒரு ஒழுங்கு நம் ஊர்க் காரியத்தில் எங்கே கிடைக்கிறது? மொத்தம் 190 நிமிடம் சாமிக்கு, மிச்சமெல்லாம் ரோட்டுக்கும் வயிற்றுக்கும் என்று கணக்கு அப்போதே மனசில் ஓடியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டி சரியாக 5.55-க்கு வாசலில். பழைய டிசையர், சீட் உறை துவைத்தது. ஏசியில் லேசாக ஈரத் துணி வாடை, பத்து நிமிடத்தில் பழகிவிடும். தண்ணீர் பாட்டில் மூன்று. முன்னால் டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் கண்ணாடியில் தொங்கும் சின்னச் சிலுவை. பிள்ளையார் முதலாளியுடையது, சிலுவை தன்னுடையது என்று டிரைவர் அண்ணன் கேட்காமலே சொன்னார். அவருக்கு இடைக்காட்டூர்ப் பக்கம். 1894-ல் கட்டிய இருதய ஆண்டவர் கோயில் இருக்கிறதே, அந்த ஊர்.

பிள்ளையார்பட்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குடைவரை, இரண்டே கை, வலம்புரித் தும்பிக்கை. காலை ஆறரைக்கு வரிசை சின்னதுதான், 30 நிமிடம் போதும். வைரவன்பட்டி பக்கத்திலேயே. அங்கேயும் 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. அட்டவணைக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே வண்டியில் ஏறிவிட்டோம். எனக்குப் பரம திருப்தி.

மூன்றாவது இரணியூர்.

இங்கே செட்டிநாட்டுக்கு வெளியே உள்ளவர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நகரத்தார் எல்லாரும் இந்த ஒன்பது கோயிலில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள். கல்யாணம் ஆன ஒரு ஜோடி, கோயில் கணக்கில் ஒரு புள்ளி. மணமேடைக்கு இரண்டு பக்கத்துக் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும். பெண் கட்டிக்கொடுத்த அன்றோடு அப்பச்சி (அப்பா) கோயிலை விட்டுப் புருஷன் கோயிலுக்குப் போய்விடுவாள். ஆயா பிறந்தது இரணியூர்க் கோயில், வாழ்க்கைப்பட்டது இலுப்பைக்குடிக் கோயில். அதற்கப்புறம் பினாங்கில் கொஞ்ச வருஷம், சென்னையில் ரொம்ப வருஷம். இரணியூருக்குக் கடைசியாக வந்தது 1981-ல், தம்பி மகள் கல்யாணத்தின்போது. தம்பி போய்ச் சேர்ந்தாயிற்று, வீட்டையும் விற்றாயிற்று, வர முகாந்திரம் இல்லை. ஒன்பது கோயில் பார்க்கவேண்டும் என்று என்னைப் பிடுங்கி எடுத்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான் என்று எனக்கு அங்கே போய்த்தான் புரிந்தது. மற்ற எட்டும் என் வாயை அடைப்பதற்கு.

இரணியூர்ச் சாமி பெயர் ஆட்கொண்டநாதர், அம்மன் சிவபுரந்தேவி. இரணியனைக் கொன்ற நரசிம்மர் தோஷம் தீர இங்கே வந்து வணங்கினார் என்பது தலக்கதை. ஊர்ப் பெயரும் அதிலிருந்துதான். ஆயாவுக்கு இந்தக் கதையில் அக்கறை இல்லை. நேராகத் தூண்களிடம் போனார். அங்கே தூணில் நிற்கும் துர்க்கைகளில் ஒருத்தியின் கால் விரலைத் தடவிப் பார்த்து, “இவளுக்குச் சின்ன விரல் மழுங்கியிருக்கும், நான் புள்ளையா இருக்கப்பவே” என்றார். மழுங்கித்தான் இருந்தது.

அர்ச்சனை ஆயிற்று. குருக்கள் எந்த ஊர் என்று கேட்டார். ஆயா ஊரைச் சொல்லவில்லை, அப்பச்சி வீட்டு விலாசத்தைச் சொன்னார், “பிறந்த கோயில் இதுதான்” என்றார். அப்புறம் சன்னிதிக்கு எதிரே, யார் வழியும் மறிக்காமல், ஒரு தூணுக்குச் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபரேஷன் ஆன காலை நீட்டி, மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து, மூடியைத் திறந்து, திறந்த வாய் சன்னிதியைப் பார்க்கிற மாதிரி வைத்தார். உள்ளே வெள்ளைப் பணியாரம். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டது, நான் காபிக்கு என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன்.

“ஆயா, வெளியிலிருந்து கொண்டுவந்ததை இங்கே படைக்க மாட்டாங்க.”

“படைக்கச் சொல்லலை. ஆவுடையார்கோயில்ல சோத்தைக் கல்லுல கொட்டி ஆவியத்தானே காட்டுறாக? ஆவி போதும்னா வாசனையும் போதும்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆவுடையார்கோயிலில் அப்படித்தான். மாணிக்கவாசகரைக் குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்து ஆட்கொண்ட இடம், கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். வடித்த புழுங்கல் சோற்றைச் சுடச்சுடப் படைகல்லில் பரப்புவார்கள், எழும்புகிற ஆவிதான் நைவேத்தியம்.

மணி பார்த்தேன். எங்களுக்கு உள்ள 20 நிமிடம் முடிந்து நாலு நிமிடம் ஆகியிருந்தது. போகலாமா என்றேன். “நீங்க போய்க்கிட்டு இருங்க, பேசிட்டு வர்றேன்” என்றார். ஆத்தா என்னைக் கண்ணால் தள்ளினார். நான் இரண்டு தூண் தள்ளிப் போய் நின்றேன், காது மட்டும் இங்கேயே இருந்தது.

ஆயா வேண்டிக்கொள்வார் என்று நினைத்தேன். முழங்கால், என் மகன் படிப்பு, இந்த மாதிரி. ஒன்றுமே கேட்கவில்லை. சேதி சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி போனது, எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை நாள் கிடந்து. வீட்டை வாங்கினவன் பர்மாத் தேக்குக் கதவைப் பிரித்து விற்றது. வளவுக் கிணற்றை மூடியது. பினாங்கில் ஐயாவுக்கு (ஆயாவின் புருஷன்) கடை நொடித்தபோது கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது, அது ஐயாவைத் தவிர யாருக்கும் தெரியாதது. (ஆத்தாவுக்கும் தெரியாது. வண்டியில் ஏறியதும் “அப்படியா ஆத்தா?” என்று கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்.) சாவகாசமாக, நடுவில் மூச்சு வாங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர் ‘ம்’ கொட்டுகிற இடைவெளி விட்டு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, “என்னையத் தேடியிருப்பீகள்ல” என்றார்.

நான் ஐம்பதை நெருங்குகிறேன். கோயிலுக்குப் போகிற ஆள்தான். ஆனால் தேடுகிற வேலை நம்முடையது, அவர் இருந்த இடத்தில் இருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணை நினைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிற அப்பச்சி மாதிரி ஒருவர் உள்ளே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. அட்டவணை போட்டவருக்கும் தோன்றியிருக்காது.

அப்போதுதான் வெளியே ஹாரன் அடித்தது. இரண்டு தடவை.

மொத்தத்தில் இரணியூரில் நாங்கள் இருந்தது ஒன்றரை மணி நேரம். கிளம்பும்போது ஆயா தூக்கில் இருந்த பணியாரத்தைக் காவலாளிக்கு இரண்டு, பூக்காரம்மாவுக்கு இரண்டு என்று கொடுத்து, மிச்சத்தை டிரைவர் அண்ணன் கையில் வைத்தார். வைத்துவிட்டுத்தான் விசாரணை.

“எதுக்குத் தம்பி ஹாரன் அடிச்சே?”

“ஆபீஸ்ல இருந்து போன் மேல போன் ஆச்சி. லேட்டாகுதுன்னு.”

“யாருக்கு லேட்டாகுது? பரவை வீட்டுக்கு நடுராத்திரியில ரெண்டு நடை நடந்தவரு அவரு. சிநேகிதன் வீட்டுச் சண்டையத் தீர்த்துவைக்க. அவருக்குப் போயி இருவது நிமிஷம்னு போட்டிருக்கீக.”

அண்ணனுக்குச் சுந்தரர் கதை தெரியாது, நான் சுருக்கிச் சொன்னேன். திருவாரூர், கோபித்துக்கொண்ட பரவையார், சிவனே தூது போனது, சுந்தரருக்குத் ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர். அவர் பணியாரத்தை மென்றுகொண்டே கேட்டார். கொஞ்ச தூரம் போனபின், “எங்க வேதத்துலயும் தொடக்கத்துலயே ஒண்ணு வரும் ஆச்சி” என்றார். “சாப்பிடக் கூடாத பழத்தைச் சாப்பிட்டுட்டு ஆதாமும் ஏவாளும் மரத்துக்குள்ள ஒளிஞ்சிருவாங்க. சாயங்காலம் குளிர்ச்சியான நேரத்துல ஆண்டவர் தோட்டத்துல உலாத்துற சத்தம் கேக்கும். எங்கே இருக்கேன்னு கூப்பிடுவாரு.”

“அவருக்குத் தெரியாதாக்கும், எங்க இருக்கான்னு?”

“தெரியும் ஆச்சி. தெரிஞ்சேதான் கூப்பிடுறாரு.”

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “பாவம்” என்றார். ஆதாமைச் சொன்னாரா, கூப்பிட்டவரைச் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் இளையாற்றங்குடிக் கோபுரம் வந்துவிட்டது.

இளையாற்றங்குடியில் கைலாசநாதர், நித்தியகல்யாணி. பெரிய கோயில், பதினொரு மணி வெயில். அட்டவணையில் இல்லாத தகவல் ஒன்று: பதினொன்றுக்கு மேல் வெளிப் பிரகாரக் கல் கொதிக்கும். வயசானவர்களுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கட்டாயம் எடுத்துப்போங்கள். இதையெல்லாம் முதல் நாளே சொல்லவேண்டியது டிராவல்ஸ். தரிசனத்துக்கு நிமிடம் எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை.

நேமம் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. செயங்கொண்ட சோழீசுவரரை மனசால் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் கூட்டிப்போன மெஸ்ஸில் இலை ஒன்று 150 ரூபாய். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது, கூட்டு பரவாயில்லை. வெண்டைக்காய் மண்டி என்று ஒன்று வைத்தார்கள். ஆயா ஒரு வாய் வைத்துவிட்டு, “அரிசி கழுவுன தண்ணி ஊத்தலை, வெறும் புளித்தண்ணி” என்று இலை ஓரத்தில் ஒதுக்கினார். மண்டி என்றாலே அரிசி கழுவிய கெட்டித் தண்ணீர்தான், அது இல்லாமல் எப்படி அந்தப் பெயர் வைக்கிறார்களோ. லாட்ஜ் அறைக்கு மட்டும் முழு மதிப்பெண். தரைத்தளம், வெள்ளை விரிப்பு, வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி. முதியவர்களோடு போகிறவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே இந்தப் பேக்கேஜைச் சிபாரிசு செய்யலாம்.

சாயங்காலம் சூரக்குடிக்கு நானும் ஆத்தாவும்தான் இறங்கினோம். ஆயா வண்டியில் தூங்கிவிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் திரும்பினோம். தேசிகநாதர் மன்னிக்கட்டும்.

இலுப்பைக்குடி ஆயாவின் புகுந்த கோயில். அங்கேயாவது இறங்குவார் என்று கதவைத் திறந்து பிடித்தேன். இறங்கவில்லை.

“காலையில நான் போயிப் பார்த்தேன்ல. இப்ப அவரு வந்து பார்க்கட்டும். பேரே தான்தோன்றீசர். யாரும் கூப்பிட்டா வந்தாரு?”

கால் வலி என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் சொன்ன விதத்தில் கிண்டல் மட்டும் இல்லை. ஆயா சின்ன வயசில் கேட்ட கதைகளெல்லாம் இப்படித்தான். இதே சிவகங்கைச் சீமை இளையான்குடியில் மாறனார் வீட்டுக் கதவை நடுராத்திரி மழையில் தட்டிச் சோறு கேட்டவர், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை என்று தெரிந்தேதான் தட்டினார். மனுஷன் இருட்டில் தடவிப் போய் அன்றைக்கு விதைத்த நெல்லை வாரிக்கொண்டு வந்தார், விறகுக்குக் கூரை வரிச்சை அறுத்தார். காரைக்குடியில் கொப்புடையம்மனுக்கு மூலவர், உற்சவர் என்று இரண்டு கிடையாது. உள்ளே இருப்பவளே புறப்பட்டு வீதிக்கு வருவாள். அவள் புறப்பாட்டை வாசலில் நின்று பார்த்து வளர்ந்தவரிடம் போய், சாமி நகராது என்று நான் எப்படிச் சொல்வது?

நாங்கள் உள்ளே போய்த் தான்தோன்றீசரையும் சௌந்தரநாயகியையும் கும்பிட்டுவிட்டு, பைரவர் சன்னிதிக்குத் திரும்பும்போது பார்த்தேன், குருக்களிடம் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஏதோ ரசீதைக் கிழித்து, அதில் விபூதி வாங்கி, காற்றில் பறக்காமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் வண்டிக்கு வந்தபோது ஆயா நெற்றி நிறைய பூசியிருந்தார்.

“வந்துட்டாரு” என்றார் என்னிடம், சாதாரணமாக, பால்காரர் வந்த மாதிரி.

மாத்தூரில் ஐநூற்றீசர். கொங்கணச் சித்தர் ஐநூறு மாற்றுத் தங்கம் செய்த கதையைக் குருக்கள் நன்றாகச் சொன்னார், ஆனால் அது எட்டேகால்வரை இழுத்துவிடும்போல் இருந்தது. வேலங்குடி விட்டுப்போயிற்று. ஆக ஒன்பதில் ஏழு. இரவு 7.50-க்கு வீட்டு வாசலில். 14 மணி நேரத்துக்குள், 138 கிலோமீட்டர்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். பில் 4,100 ரூபாய். ‘வெயிட்டிங் 2 மணி - 300’ என்று ஒரு வரி. கூடுதலாக நின்றது ஒரு மணி பத்து நிமிடம்தான். அதை இரண்டு மணி என்று மேலே ஏற்றியிருக்கிறார்கள். மொத்த நேரமே 14 மணிக்குள் அடங்கியிருக்க, நடுவில் ஒரு கோயிலில் நின்றதற்குத் தனி வாடகை என்பது என்ன கணக்கு? பதிவு செய்யும்போது யாரும் சொல்லவில்லை. ஆபீசுக்குப் போன் செய்து பத்து நிமிடம் பேசினேன். 150 குறைத்தார்கள், மீதி 150-ஐக் குறைக்கவில்லை. நீங்கள் பதிவு செய்யும்போது இதை முதலில் கேட்டு வாட்ஸாப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் போனில் கத்தியது ஆயாவுக்குக் கேட்டிருக்கிறது. எதுக்குச் சண்டை என்றார். காத்திருந்ததுக்குப் பணம் கேட்கிறார்கள் என்றேன்.

“யாரு காத்திருந்தது?”

“வண்டிதான், ஆயா.”

“ஒன்றரை மணி நேரத்துக்கா? இரணியூர்க்காரரு 81-லேருந்து உக்காந்திருக்காரு, ஒரு ரூபா கேக்கலை.”

ஆத்தா சிரித்தார். நான் பில்லை மடித்துப் பையில் வைத்தேன்.

வண்டிக்கு நாலு, டிரைவருக்கு ஐந்து, லாட்ஜ் அறைக்கு ஐந்து, அட்டவணைக்கு ஒன்று, பில்லுக்குப் பூஜ்யம். காலில் தெம்பு உள்ளவர்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பியவர்கள், வெளிநாட்டிலிருந்து நாலு நாள் லீவில் வந்தவர்கள் தாராளமாகப் போகலாம், ஒன்பதும் முடியும். ஒன்பதில் ஒன்று உங்களுடையது என்றால், அதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள், பின்னால் வேறு கோயில் இருக்கக் கூடாது.

நேமமும் வேலங்குடியும் பாக்கி இருக்கின்றன. தை மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கோயில்தான் என்று ஆயா நிபந்தனை போட்டுவிட்டார். டிரைவர் அண்ணனின் சொந்த நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் ஆயாவுக்குப் போன் செய்தபோது, நேமத்தில் காவலாளி எத்தனை பேர், பூக்காரி எத்தனை பேர் என்று டிரைவர் அண்ணனிடம் விசாரித்துச் சொல்லச் சொன்னார். பணியாரத்துக்கு எத்தனை ஆழாக்கு அரிசி ஊறவைப்பது என்று தெரியவேண்டுமாம்.